தாடைக்கு ஒரு திருகாணி

காதில் தோடு போட்டிருக்கிறீர்கள் அல்லவா? அதைக் கழற்றி ஒரு வருஷம் நகைப் பெட்டியில் வைத்துவிட்டு, பிறகு ஏதாவது ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளப் பாருங்கள். துளை தூர்ந்து போயிருக்கும். தோடு இல்லாத இடத்தில் துளைக்கு என்ன வேலை என்று காது தீர்மானித்துவிடுகிறது.

நம்முடைய தாடை எலும்புக்கும் ஏறக்குறைய இதே சுபாவம்தான். ஒரே ஒரு வித்தியாசம். காது, துளையை மூடுவதோடு நிறுத்திக்கொள்ளும். தாடையோ பல் இருந்த குழியை மூடிவிட்டு, பிறகு தானே கரைய ஆரம்பித்துவிடும்!

எங்கள் அத்தையின் கதையைச் சொன்னால் விஷயம் சுலபமாக விளங்கும். அத்தைக்கு வயது 63. பதினைந்து வருஷங்களுக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வலித்தது. போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அந்த இடத்தில் வேறு பல் வைக்க வேண்டாமா என்று அப்பா கேட்டதற்கு, “உள்ளே இருக்கிற பல்லை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?” என்று பதில் சொன்னாள். பார்க்க யாரும் வரவில்லைதான். ஆனால் பக்கத்துப் பல் காலியிடத்தை நோக்கிச் சாய்ந்தது. எதிரே இருந்த மேல்பல் ஜோடியை இழந்து கீழே இறங்கியது. இடுக்கில் உணவு தங்கிற்று, ஈறு பழுத்தது, அடுத்த பல் ஆடியது. இப்படி ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டபோதெல்லாம் வீட்டில் வேறு ஏதாவது செலவு காத்திருந்தது. பையனுக்குக் காலேஜ் சம்பளம், மாமாவுக்குக் கண் ஆபரேஷன், பேத்திக்கு ஆண்டு நிறைவு. அத்தையின் பல் எப்போதுமே கடைசி. நம் வீடுகளில் எந்த அத்தையின் பல் முதலாவதாக இருந்திருக்கிறது, சொல்லுங்கள்!

ஐம்பத்து மூன்றாவது வயதில் கீழ்வரிசை முழுவதும் காலி. கழற்றி மாட்டும் பல்செட் வந்தது. முதல் வருஷம் அருமையாகப் பொருந்தியது. இரண்டாம் வருஷம் பேசும்போது ஆடியது. மூன்றாம் வருஷம், பாயசம் குடிக்கும்போதுகூட மிதந்தது. அதன் பிறகு அந்தச் செட் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் குடியேறிவிட்டது. கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது மட்டும் வாய்க்குள் வரும். பந்தியில் உட்காருவதற்கு முன் கைக்குட்டைக்குள் போய்விடும். “செய்தவனுக்குத் தொழில் தெரியவில்லை” என்பது அத்தையின் தீர்ப்பு. புதிதாக இன்னொரு செட்டும் செய்து பார்த்தாள். அதற்கும் அதே கதி.

பாவம், செய்தவர் மேல் குற்றமில்லை. செட் செய்தபடியேதான் இருந்தது. அதன் அடியில் இருந்த தாடைதான் மாறிக்கொண்டே வந்தது.

இது ஏன் நேருகிறது? பல்லை எலும்பில் நேராக அடித்து இறுக்கியிருப்பதாக நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஓர் இடைவெளி. அதில் ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்கள். அந்த நார்களில்தான் பல் ஊஞ்சல் பலகை மாதிரி தொங்குகிறது. ஒவ்வொரு கவளம் மெல்லும்போதும் நார்கள் எலும்பை இழுக்கின்றன. அந்த இழுப்புத்தான் எலும்புக்கு உயிர். எலும்பு என்பது கல் அல்ல. அதற்குள் இரண்டு கோஷ்டிகள் ஓயாமல் வேலை செய்கின்றன. ஒரு கோஷ்டி பழையதை இடிக்கும், இன்னொன்று புதியதைக் கட்டும். பளு விழுகிற இடத்தில் கட்டுகிறவர்களின் கை ஓங்கும். விழாத இடத்தில் இடிக்கிறவர்களின் கை ஓங்கும். ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் டாக்டர் 1892-லேயே இந்த நியதியைப் புத்தகமாக எழுதி வைத்தார். குடியில்லாத வீட்டில் முதலில் காரை உதிர்ந்து, பிறகு சுவர் சரிவதில்லையா? பல்லின் வேர் காலி செய்த தாடையும் அப்படித்தான்.

எவ்வளவு சீக்கிரம் சரிகிறது என்று கேட்டால் கொஞ்சம் திடுக்கிடுவீர்கள். பல் எடுத்த முதல் வருஷத்தில் அந்த இடத்து எலும்பின் அகலத்தில் பாதி வரைக்கும் போய்விடக்கூடும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு, முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே! “தீபாவளி கழியட்டும், தையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று நாம் தள்ளிப் போடுகிற அதே மூன்று மாதம். அதற்குப் பிறகு வேகம் குறையும், ஆனால் நிற்காது. ஆன்யே டால்கிரென் என்ற ஆராய்ச்சியாளர், பல்செட் அணிந்தவர்களின் தாடைகளை 25 வருஷக் காலத்துக்குத் தொடர்ந்து அளந்து 1972-ல் முடிவுகளை வெளியிட்டார். மேல் தாடையைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு கீழ்த் தாடை தேய்வதாகக் கண்டார். அத்தையின் மேல் செட் ஒழுங்காக உட்கார்ந்திருக்க, கீழ் செட் மட்டும் ஏன் மிதந்தது என்பதற்கு இதுதான் காரணம்.

தேய்வு உள்ளே நடந்தாலும் கணக்கு முகத்தில் தெரியும். மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவில் உள்ள தூரம் குறையும். உதடு உள்ளே மடியும். வாயைச் சுற்றிச் சுருக்கு விழும். மோவாய் முன்னே நீட்டிக்கொள்ளும். வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு முகத்துக்கு விதவிதமான களிம்பு வாங்குகிறோம். சாய்ந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து என்ன பிரயோசனம்?

இந்தச் சங்கடம் பெரிய மனிதர்களையும் விடவில்லை. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1789-ல் பதவி ஏற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மரத்தால் பல் கட்டியிருந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அது வெறும் கதை. உண்மை அதைவிட விசித்திரம். நீர்யானைத் தந்தம், மனிதர்களின் பற்கள், ஈயம் இவற்றால் ஆன செட்டு. இரண்டு வரிசையையும் விலக்கிப் பிடிக்க ஸ்பிரிங் வேறு! வாயை மூடிவைப்பதற்கே அவர் பிரயத்தனப்பட வேண்டியிருந்தது. 1796-ல் கில்பர்ட் ஸ்டூவர்ட் தீட்டிய படத்தில் வாயோரம் உப்பியிருப்பதைக் காணலாம். ஒரு டாலர் நோட்டில் இருப்பது அந்த முகம்தான். வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் வாங்கிப் பாருங்கள்.

போன பல்லுக்குப் பதிலாக ஒரு வேரையே நட்டுவிட முடியுமா? இதற்கு வழி பிறந்தது பல் வைத்தியர் அறையில் அல்ல, ஒரு முயலின் காலில்!

ஸ்வீடன் தேசத்தில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்று ஒரு டாக்டர். 1952 வாக்கில் லுண்டு நகரத்துச் சர்வகலாசாலையில் எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். டைட்டானியம் என்ற உலோகத்தில் ஒரு சின்னக் கூடு செய்து, முயலின் கால் எலும்பில் பொருத்தி, அதன் வழியாகப் பார்த்தார். வேலை முடிந்ததும், விலை உயர்ந்த சாமானாயிற்றே, எடுத்து மறுபடி உபயோகிக்கலாம் என்று கழற்றப் போனார். வரவில்லை! எலும்பு உலோகத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வேறொருவராக இருந்தால் ‘நஷ்டம்’ என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார். பிரோனமார்க் அதையே பிடித்துக்கொண்டு பதின்மூன்று வருஷம் உழைத்தார்.

1965-ல் யோஸ்தா லார்ஸன் என்பவருக்குக் கீழ்த் தாடையில் நான்கு டைட்டானியத் திருகாணிகளைப் பொருத்தினார். பிறவியிலேயே தாடை கோணி, பல் இல்லாமல் அவதிப்பட்டவர் லார்ஸன். 2006-ல் அவர் காலமாகும் வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அந்தத் திருகாணிகள் அப்படியே வேலை செய்தன.

ஆனாலும் ஸ்வீடனின் பல் வைத்தியப் பெரியவர்கள் இவரை லேசில் அங்கீகரிக்கவில்லை. 1969-ல் ஒரு கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’டில் தன்னைப் பற்றி எழுதச் செய்துகொள்கிறவர்களிடம் தமக்கு நம்பிக்கையில்லை என்று இடித்துக் காட்டினாராம். அந்தப் பேராசிரியரோ ஒரு பல்குத்திக்கு விளம்பரச் சிபாரிசு செய்து பிரசித்தி பெற்றவர். பல்குத்திப் பெட்டியின் முதுகில் விளம்பரமாகிறவர்களிடம் தமக்கும் நம்பிக்கையில்லை என்று பிரோனமார்க் உடனே திருப்பிக் கொடுத்தாராம். (பத்திரிகைக்காரியாகிய நான் யார் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.) 1982-ல் கனடாவில் டொராண்டோ நகரில் நடந்த மகாநாட்டுக்குப் பிறகுதான் உலகம் முழுவதும் இந்த முறையை ஏற்றுக்கொண்டது. பிரோனமார்க் 2014-ல் காலமானார்.

டைட்டானியம் என்றதும் ஏதோ அந்நியச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நம் கன்னியாகுமரி ஜில்லாவில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கும் ‘இல்மனைட்’ என்ற தாதுப்பொருள் இந்த உலோகத்தின் கருப்பொருள்தான்.

சரி, அத்தையிடம் திரும்புவோம். சென்ற வருஷம் அவளை வலுக்கட்டாயமாக ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஸ்கான் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: “பின்பக்கம் எலும்பு மெலிந்துவிட்டது. முன்பக்கம் போதுமானது இருக்கிறது. அங்கே இரண்டு திருகாணி போட்டு, அதன் மேல் செட்டைப் பிரஸ் பட்டன் மாதிரி மாட்டிவிடலாம்.” முழு வரிசையும் நிலையாகக் கட்டுவதைவிட இதற்குச் செலவு குறைவு. கீழ்வரிசை முழுதும் இழந்தவர்களுக்குக் குறைந்தபட்சம் இதையாவது செய்யவேண்டும் என்று 2002-லேயே மக்கில் சர்வகலாசாலையில் கூடிய நிபுணர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு டாக்டரம்மா வரிசையாகக் கேட்டார். சர்க்கரை வியாதி உண்டா? ரத்தக் கொதிப்பு உண்டா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?

“ஒன்றும் கிடையாது” என்றாள் அத்தை.

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. “அத்தை, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு ஒரு மாத்திரை விழுங்கிவிட்டு, அரைமணி நேரம் படுக்காமல் உட்கார்ந்திருப்பாயே, அது?”

“அது எலும்புக்குடி! பல்லுக்கா?”

“தாடையும் எலும்புதானே, அம்மா!” என்றார் டாக்டரம்மா. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு மெலிவுக்காகக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளும் ஊசிகளும் எலும்பை இடிக்கும் கோஷ்டியை அடக்கி வைப்பவை. இடுப்புக்கும் முதுகுக்கும் அது நல்லது. ஆனால் தாடையில் கத்தி படும்போது, அபூர்வமாகச் சிலருக்குப் புண் ஆறாமல் எலும்பே பட்டுப்போய்விடுவது உண்டு. நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கும், புற்றுநோய்க்காக இதே மருந்தை அதிக அளவில் ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களுக்கும் அபாயம் கூடுதல். ஆகையால் பல் பிடுங்குவதானாலும் சரி, திருகாணி போடுவதானாலும் சரி, வாரம் ஒன்றோ வருஷம் ஒன்றோ, எந்த மருந்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. அத்தை விஷயத்தில் இரண்டு டாக்டர்களும் கலந்து பேசினார்கள். மாத்திரை ஆரம்பித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. வேறு வியாதியும் இல்லை. ஆகவே செய்யலாம் என்று முடிவாயிற்று. கட்டுக்கடங்காத சர்க்கரை வியாதியும் புகை பிடிக்கும் பழக்கமும் இதற்குப் பெரிய சத்துருக்கள். இரண்டாவதை உங்கள் வீட்டுப் புருஷர்களிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷன் என்று பயந்ததற்கு, அத்தை ஒரு மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டாள். மரத்துப்போக ஊசி போட்டு, எலும்பில் மெதுவாகத் துளையிட்டு, உப்பு நீரைப் பீய்ச்சிக் குளிர்வித்துக்கொண்டே இருந்தார்கள். 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிஷம் சூடு ஏறினாலே எலும்பின் உயிர் போய்விடுமாம். பிறகு மூன்று மாதம் காத்திருப்பு. எலும்பு வந்து உலோகத்தைத் தழுவிக்கொள்ள அவ்வளவு நாள் வேண்டும். ‘ஒரே நாளில் பல்’ என்று விளம்பரங்கள் வருகின்றனவே என்பீர்கள். எலும்பு நன்றாக இருக்கும் சிலருக்கு அன்றைக்கே தற்காலிகப் பல் வைப்பது உண்டு. ஆனால் எலும்பு தன் மூன்று மாதத்தை எடுத்துக்கொண்டுதான் தீரும்.

எலும்பு போதாதவர்களுக்கு எலும்புத் தூள் இட்டு நிரப்பும் வழி இருக்கிறது. பல் எடுக்கும் அன்றே குழியில் அதை இட்டு, சரிவைக் குறைப்பதும் உண்டு. அந்தத் தூளில் பல ரகம். மாட்டெலும்பிலிருந்து தயாரிப்பதும் ஒன்று. ஆட்சேபம் உள்ளவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஒரே ஒரு பல் போனவர்கள், இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவிப் ‘பிரிட்ஜ்’ கட்டிக்கொள்வார்கள். மெல்லுவதற்குக் குறைவில்லை, ஆனால் நடுவில் உள்ள எலும்பு தன் பாட்டுக்குத் தேயும். சொந்தப் பல்லை வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற முடிந்தால் அதற்கு ஈடு எதுவும் கிடையாது என்று டாக்டரம்மாவே சொன்னார். திருகாணிக்குச் சொத்தை வராது. ஈறு வீங்கினால் அதைச் சுற்றியும் எலும்பு சத்தமில்லாமல் கரையும். தினம் துலக்கியாக வேண்டும். செலவு, மறுக்கவில்லை, கனமானதுதான். பல் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் விசாரித்தால் குறைவாக முடியலாம்.

அத்தை பட்டன் மாட்டிக்கொண்டு ஆறு மாதம் ஆகிறது. எவர்சில்வர் டப்பாவில் செட் இப்போது இரவில் மட்டும் தண்ணீரில் தூங்குகிறது. சென்ற வாரம் டெலிபோனில் கூப்பிட்டாள். தெருமுனைக் கடையில் முறுக்கு வாங்கினாளாம், நமுத்துப் போயிருந்ததாம், திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாளாம். பத்து வருஷமாக முறுக்கை மோர்க்குழம்பில் ஊறப்போட்டுச் சாப்பிட்டவள், கடைக்காரனோடு கால்மணி நேரம் வாதாடியிருக்கிறாள்!