பெரிய சடக்கு வழியாக ஒரு நாள்

தைப்பூசம் முடிந்து தண்ணீர்மலையிலிருந்து கிளம்பும் பஸ்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஏறியும் வந்திருப்பீர்கள். காவடி எடுத்தவர், பால்குடம் சுமந்தவர், மொட்டை போட்ட குழந்தை எல்லாரும் அசந்து தூங்க, பஸ் பாலத்தைத் தாண்டி நேராக நெடுஞ்சாலையில் ஏறிவிடும். மூன்று மணி நேரத்தில் தாப்பா. வழியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ‘டோல் இருந்தது’ என்பார்கள்.

முன்பு அப்படி இல்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதுமாகத் திறக்கப்பட்டது 1994 செப்டம்பரில்தான். அதுவரை பினாங்குக்கு வருவதும் போவதும் பழைய டிரங்க் ரோட்டில்தான். அரசாங்கக் கணக்கில் அது முதலாம் எண் கூட்டரசுச் சாலை. தோட்டத்து வாயில் அது ‘பெரிய சடக்கு’. நான் சின்னப் பையனாக இருந்தபோது போன தைப்பூசப் பயணமெல்லாம் அந்தச் சடக்கில்தான். ஒவ்வொரு சின்னப் பட்டணத்திலும் பஸ் நிற்கும். காலிப் பால்டின்னில் கயிறு கட்டிக் கோப்பி தருவான் சீனக் கடைக்காரன். ஈப்போ பக்கம் வந்தால் கடை வாசலில் பம்பளிமாஸ் பழம் வரிசையாகத் தொங்கும். வருஷத்தில் நமக்குக் கிடைத்த ஒரே உல்லாசப் பயணம் அதுதான். மற்ற நாளெல்லாம் பெரட்டு, பால்காடு, லயம்.

அந்தச் சடக்கு இன்னும் இருக்கிறது. டோல் கிடையாது. இரண்டு பக்கமும் நம்மவர்களின் கதை கிடக்கிறது. செபராங் பிறையில் தோட்டம் விற்கப்பட்டு தாமானிலும் அடுக்குமாடியிலும் குடியேறிவிட்ட ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் 42 பேரை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போனோம். கூட்டத்தில் இதைச் சொன்னதும் எதிர்ப்பு வந்தது. “பத்துமலைக்குப் போவோம், கேமரன்மலைக்குப் போவோம். பால்மரத்தப் பாக்கவா தம்பி காசு குடுத்துப் போறது? அதான் ஆயுசு முழுக்கப் பாத்தாச்சே!” என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தவர் அவரே.

விடியற்காலை ஆறு மணிக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுப் புறப்பட்டோம். 2012-ல் குடமுழுக்கு கண்ட மேல் கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேல் படி. மூட்டுவலிக்காரர்கள் கீழிருந்தே கும்பிட்டுக்கொண்டார்கள். ஃபெரியில் போகலாம் என்று சிலருக்கு ஆசை. பஸ்ஸையும் லோரியையும் ஏற்றிவந்த அந்தப் பழைய இரட்டைத்தட்டு ஃபெரி 2020 கடைசியோடு நின்றுவிட்டது. 2023-ல் வந்த புதிய படகுகள் ஆட்களுக்கும் மோட்டார்சைக்கிளுக்கும்தான். ஆகவே 1985-ல் திறந்த பாலத்திலேயே போனோம். பாலத்தில் போகும்போது தெற்குப் பக்கம் பாருங்கள். பச்சையாக ஒரு தீவு தெரியும். அது ஜெரெஜாக் தீவு. கப்பலில் வந்த நம் பாட்டன் பாட்டியை நோய் உண்டா என்று பார்த்து அடைத்து வைத்த இடம் அது. அங்கே நாள் எண்ணிக் கிடந்த பிறகுதான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

பேய் வீடும் கரும்புத் தோட்டமும்

நிபோங் திபாலில் இறங்கியதும் கோப்பிக் கடையில் எல்லாரும் சொன்னது ‘99 கதவு வீடு’ பற்றித்தான். கலிடோனியா தோட்டத்துக்குள் செம்பனைக்கு நடுவே பாழடைந்து நிற்கும் துரை பங்களா அது. ராம்ஸ்டன் குடும்பத்தாருடையது. 1948-ல் ஜான் ராம்ஸ்டன் அந்த வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றிலிருந்து பேய் வீடு என்று பேர் எடுத்துவிட்டது. படம் பிடிக்க வெளியூரிலிருந்தெல்லாம் இளவட்டங்கள் வருகிறார்கள். வீடு இடிந்து விழும் நிலையில் இருப்பதால் நாங்கள் தூரத்திலிருந்தே பார்த்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பேய்க் கதையில் எனக்கு அக்கறை இல்லை. அந்த மண்ணைப் பாருங்கள் என்றுதான் சொன்னேன். மலாயாவில் ரப்பர் வருவதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்தப் பகுதி முழுக்கக் கரும்பு. ஒப்பந்தக் கூலியாகத் தமிழனைக் கூட்டிவந்து முதலில் வேலை வாங்கியது இங்கேதான். அந்த ஒப்பந்த முறை 1910-ல்தான் ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது. மூன்றுக்கும் காடு வெட்டியது ஒரே கூட்டம். எங்களோடு வந்த ஓர் அக்கா, “99 கதவு வச்சிக் கட்டுனவன் லயத்துக்கு எத்தன கதவு வச்சான்?” என்று கேட்டார். ஒரு கதவு, சிலதுக்கு இரண்டு. இதைச் சொல்லும் போதே பஸ்ஸில் பாதிப்பேருக்குத் தங்கள் பழைய வீட்டு எண் நினைவுக்கு வந்துவிட்டது. பாரிட் புந்தார் தாண்டும் வரைக்கும் அதே பேச்சு.

தைப்பிங் பக்கம் வந்ததும் சடக்கை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனோம். ஏரித் தோட்டம் அழகுதான். ஈயம் தோண்டிய குட்டைகளைப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். அதைவிட நான் காட்ட நினைத்தது கடற்கரைப் பக்கம் இருக்கும் கோலசெப்பெத்தாங். முன்பு அதன் பெயர் போர்ட் வெல்ட். நாட்டின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ல் ஓடியது தைப்பிங்கிலிருந்து இந்தத் துறைமுகத்துக்குத்தான். எட்டு மைல் தூரம். இப்போது தண்டவாளம் இல்லை, ஸ்டேஷனும் இல்லை. மிஞ்சியிருப்பது ஸ்டேஷன் பெயர்ப்பலகை ஒன்றுதான். ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என்று நாலு எழுத்திலும் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது. நம் எழுத்து அந்தப் பலகையில் இருக்கிறது என்று சொன்னதும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவை சத்தம் போட்டுப் படித்தார்கள். பக்கத்தில் மீன் வாங்க வந்தவர்கள் என்னமோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

மூத்த மரம்

மத்தியானத்துக்குக் கோலகங்சார். சுல்தான் ஊர். மற்றவர்கள் பள்ளிவாசலையும் அரண்மனையையும் பார்க்கப் போவார்கள். நாங்கள் போனது மாவட்ட அலுவலகம் பக்கம். அங்கேதான் நிற்கிறது அந்தப் பால்மரம்.

கதை சுருக்கம் இதுதான். 1876-ல் விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்ததில் 22 கன்றுகள் 1877-ல் சிங்கப்பூர் வந்தன. அதில் 9 கன்றுகளைப் பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அதில் மிஞ்சியதுதான் இந்த மரம் என்கிறார்கள். மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890-களில் கண்டுபிடித்துப் பரப்பியவர் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத் தலைவர் ரிட்லி. விக்ஹாம், லோ, ரிட்லி. இந்த மூன்று பேரையும் பள்ளிப் புத்தகத்தில் படித்தாயிற்று. கண்டுபிடித்த முறையை இலட்சக்கணக்கான மரத்தில் நாள் தவறாமல் செய்துகாட்டிய கைகள் யாருடையவை என்று என் புத்தகத்தில் இருந்ததாக நினைவில்லை.

எங்களோடு வந்த ஒரு பாட்டி 32 வருஷம் பால் வெட்டியவர். அவர் வேலை செய்த தோட்டம் இந்த மரத்திலிருந்து பன்னிரண்டு கட்டை தூரம்தான். ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. வர நேரம் ஏது? மரத்தைக் கண்டதும் மற்றவர்கள் உச்சியைப் பார்த்தார்கள். அவர் பட்டையைப் பார்த்தார். “தடிச்சுப் போச்சு தம்பி. இனிமே இதுல உளி ஏறாது” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இதோட பேரப்பிள்ளைங்களத்தான் அவ்வளவு வருஷமா நான் சீவிக்கிட்டு இருந்தேன்” என்றார்.

கூட வந்த பேரன் கல்லூரியில் படிக்கிறான். பால் எப்படி வரும் என்று கேட்டான். பாட்டிக்கு உற்சாகம் வந்துவிட்டது. விடியுமுன்னே போகணும், வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையை வெற்றிலைக் கனத்துக்குச் சீவணும். ஆழமாகப் போனால் கட்டையில் காயம் பட்டு மரம் கெட்டுவிடும், தண்டல் சத்தம் போடுவான். மேலே சீவினால் பால் வராது. காயத்துக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு மயிரிழை, அதை இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், கையே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரம். பிறகு வாளியைக் காண்டாவில் மாட்டிக்கொண்டு ஓட்டம். மழை பெய்தால் வேலையும் இல்லை, அன்றைக்குக் கூலியும் இல்லை. பாட்டி கையை மரத்துக்கு நேரே வைத்து இடமிருந்து வலமாகச் சாய்த்துக் காட்டினார். பேரன் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டான். சுற்றுலா வந்த இரண்டு வெள்ளைக்காரர்களும் நின்று கேட்டார்கள். பேரன் ஆங்கிலத்தில் சொன்னான். அன்றைக்கு அந்த மரத்துக்கு வழிகாட்டி நம் பாட்டிதான்.

பால்மரத்தை என்னத்தைப் பார்ப்பது என்ற பெரியவர் சருகுக்குள் தேடி இரண்டு விதை பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டதையும் நான் கவனித்தேன்.

சுங்கை சிப்புட், ஈப்போ

அடுத்த பட்டணம் சுங்கை சிப்புட். பார்ப்பதற்கு ஒரு தெருதான். ஆனால் 1948 ஜூன் 16-ல் இந்த வட்டாரத்து இரண்டு தோட்டங்களில் மூன்று துரைமார் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-ல் தூக்கிலிடப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். இதையெல்லாம் பஸ்ஸில் இருந்தவர்களில் மூத்தவர்கள் பிள்ளையாக இருந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதை எழுத இந்தப் பக்கம் போதாது.

துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுவே. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டாட, வேலையும் வீடும் ஒரே நாளில் போயிற்று. அப்போதுதான் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. தொழிலாளி பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினான். எங்கள் பஸ்ஸில் ஐந்து பேர் பங்கு வைத்திருந்தவர்கள். ஒருவர் பங்குப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார், காட்டுவதற்காகவே!

ஈப்போவில் குகைக் கோயில்கள் எல்லாருக்கும் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. புந்தோங் பக்கம் போய்க் கச்சாங் பூத்தே வாங்குங்கள். முறுக்கு, கடலை, பக்கோடா என்று தகரம் தகரமாக அடுக்கியிருக்கும். முன்பு இந்த வியாபாரக் குடும்பங்களில் பல குனோங் சீரோ மலையடியில் குடியிருந்தவை. 1973 அக்டோபர் 18-ல் மலைப்பாறை பெயர்ந்து விழுந்து நாற்பது பேர் வரை மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் புந்தோங்குக்கு மாறினார்கள். முறுக்கு தின்னும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

துரையின் கோட்டை

கடைசியாகக் கோப்பெங் பக்கம் திரும்பி, பத்து காஜா போகும் வழியில் கெல்லி கோட்டை. கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர், ரப்பரில் பணம் பண்ணியவர். 1915 வாக்கில் மாளிகையைத் தொடங்கினார். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டியவர்களும் சென்னைப் பக்கத்திலிருந்து வந்த நம்மவர்கள். நடுவில் விஷக் காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் செத்து விழுந்தார்கள். உலகம் முழுக்க இலட்சோப இலட்சம் பேரைக் கொண்டுபோன காய்ச்சல்தான் அது. மாரியம்மனுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள், துரை இசைந்து கட்டிக் கொடுத்தார். 1926-ல் அவர் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை அரைகுறையாகவே நின்றுவிட்டது.

மாளிகைக்கு டிக்கெட் உண்டு, கூட்டமும் உண்டு. அதிலிருந்து ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் கோயில் இருக்கிறது. பூசை நடக்கிறது, வருகிறவர்கள் குறைவு. அங்கே சாமி உருவங்களுக்கு நடுவே வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் உருவத்தையும் வைத்திருக்கிறார்கள். அது துரை. நன்றி மறக்காத சாதி நம் சாதி! காய்ச்சலில் போனவர்களின் உருவம் மட்டும் எங்கேயும் இல்லை. எங்கள் கூட்டத்திலிருந்த பெண்கள் வாசலில் கற்பூரம் ஏற்றி, பேர் தெரியாத அந்த ஆத்மாக்களுக்கென்று கும்பிட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தப் பகுதியைப் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா, பூட்டன் யாராவது கெல்லி கோட்டைக் கட்டட வேலையிலோ, நிபோங் திபால் கரும்புத் தோட்டத்திலோ, கோலகங்சார் வட்டாரத் தோட்டங்களிலோ வேலை செய்தவர்கள் என்று வீட்டில் பேச்சு உண்டா? பேர், ஊர், கப்பல், கங்காணி பேர், பழைய செக்ரோல் துண்டு, கல்யாணப் படம், எது இருந்தாலும் எழுதி அனுப்புங்கள். படத்தின் அசலை அனுப்ப வேண்டாம், நகல் போதும். எழுத வராதவர்கள் பேரப்பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். அடுத்த பஸ் பள்ளி விடுமுறையில் கிளம்பும். இந்தத் தடவை பிள்ளைகளுக்கு ஜன்னல் பக்கத்து இடம்.