நிழல் தேடும் வெண்மலர்

பச்சைமலை அடிவாரத்து உப்பிலியபுரத்தில் சித்திரை வெயிலின் கடுமையைச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் பெருமர நிழலில் வளரும் 'பீஸ் லில்லி' அவ்வெயிலில் கருகிவிடும். வீட்டுக் கூடத்தில், நேர்வெயில் படாத ஜன்னலருகே வைப்பதே முறை.

பெயரில் லில்லி இருப்பினும், இது நம் சமையற்கட்டுச் சேப்பங்கிழங்கின் உறவு. நாம் வியக்கும் வெண்ணிற மடலும் பூவிதழன்று, உருமாறிய இலையே. நடுக்கதிரில்தான் நுண்ணிய பூக்கள் உள்ளன. சேம்பில் அரிப்பை உண்டாக்கும் ஆக்சலேட் ஊசிகள் இதன் இலையிலும் உண்டு. தவழும் குழந்தை மென்றுவிட்டால் வாயும் நாவும் எரிந்து வீங்கும். உடனே வாயைத் துடைத்து, குளிர்ந்த நீர் பருகச் செய்து, மருத்துவரிடம் காட்டவேண்டும். மழலைகள் உள்ள இல்லத்தில் கைக்கெட்டாத உயரமே இதற்குரிய இடம், தாய்மார்கள் மறந்துவிடலாகாது.

இச்செடியைப் பெரும்பாலும் அழிப்பது அன்பின் மிகுதியே! ஒளுவிலும் நீரை வீணாக்கலாகாது என்னும் மார்க்கத்தினர் நாம். தொட்டிக்கும் அளவு வேண்டாமா? மேல்மண் உலர்ந்தபின் ஊற்றினால் போதும். தாகத்தால் துவண்ட இலை, நீர் கண்ட சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாயிருந்தும் துவண்டால், வேர் அழுகுகிறதென்று பொருள். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீர் இலைநுனியைப் பழுப்பாக்கும், மழைநீர் சிறந்தது.

'காற்றைத் தூய்மையாக்கும் செடி' என்று விற்போர் கூறுவர். 1989-இல் நாசா மூடிய பெட்டிக்குள் நடத்திய சோதனையே அதற்கு ஆதாரம். காற்றோட்டமுள்ள வீட்டில் அப்பயன் மிக அற்பமென 2019-இல் வெளியான ஆய்வு கூறிற்று. அழகுக்காக வாங்குங்கள், காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.