விளையாட்டரங்கம் வருகிறது என்றால் வணிகர் எதைப் பார்க்க வேண்டும்?

ஓர் ஊருக்குப் புதிய விளையாட்டரங்கம் வருகிறது என்ற செய்தி வந்தால் முதலில் மகிழ்பவர்கள் விளையாட்டு வீரர்கள். அடுத்து மகிழ்பவர்கள் நம் வணிகர்கள். கூட்டம் வரும், கூட்டம் வந்தால் வியாபாரம் பெருகும் என்பது நம் கணக்கு. கணக்கு தவறில்லை, ஆனால் முழுக் கணக்கும் அதுவல்ல. எத்தனை ஆயிரம் பேர் உட்காரலாம் என்பதை மட்டும் கேட்டுவிட்டுக் கடைக்கு முன்பணம் கொடுப்பது, சரக்கைப் பார்க்காமல் மூட்டைக்கு விலை பேசுவது போன்றது.

நம் திருச்சியில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. ஒரு கால்பந்துக் கழகத்துக்கென்றே கட்டிய அரங்கம் நம் மாவட்டத்தில் இல்லை. ஆகவே பாடம் கேட்க நாம் பக்கத்து மாநிலத்துக்குப் போக வேண்டும்.

கொச்சி சொல்லும் பாடம்

கொச்சியில் கலூர் பகுதியில் ஜவகர்லால் நேரு பன்னாட்டு விளையாட்டரங்கம் 1996-ல் திறக்கப்பட்டது. 2014-ல் தொடங்கிய கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்துக் கழகத்துக்கு அதுவே தாய் மைதானம். ஆனால் அரங்கத்தின் உரிமையாளர் கழகம் அல்ல. பெருநகரக் கொச்சி வளர்ச்சிக் குழுமம்.

இந்த அரங்கத்தின் வரைபடத்தில் நமக்கு அக்கறை தரும் ஒரு விஷயம் உண்டு. பார்வையாளர் உட்காரும் படிக்கட்டுகளுக்குக் கீழே, தரைத்தளத்தில், சுற்றிலும் கடைகளும் அலுவலகங்களும் வரும்படி அமைத்து வாடகைக்கு விட்டார்கள். ஆட்டம் இல்லாத நாளிலும் வருமானம் வர வேண்டும் என்பதே நோக்கம். உணவகமும் மரச்சாமான் கடையும் அங்கே நன்றாகவே நடந்தன.

2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி இந்தியாவில் நடந்தது. கொச்சியும் அதில் ஒரு களம். பாதுகாப்புக் காரணங்களுக்காகப் போட்டிக் காலத்தில் அந்தக் கடைகள் காலியாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வந்தது. தலைக்கு மேல் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்திருக்க, கீழே அடுப்பும் கேஸ் சிலிண்டரும் இருப்பதைப் பாதுகாப்பு அதிகாரிகள் எப்படி ஏற்பார்கள்? கடைக்காரர்கள் உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். போட்டிக்காகக் கடையைத் தற்காலிகமாக மூடித்தான் ஆக வேண்டும், ஆனால் இழப்பீடும் கிடைக்க வேண்டும் என்ற வகையில் நீதிமன்றம் வழி செய்தது.

அதே போட்டிக்கு அரங்கத்தின் இருக்கைகளும் சுமார் 29,000 ஆகக் குறைக்கப்பட்டன. அவசரம் என்றால் எட்டு நிமிடத்துக்குள் கூட்டம் முழுவதும் வெளியேற வேண்டும் என்பது அளவுகோல். மேல்தளத்தில் இருப்பவர்கள் அந்த நேரத்துக்குள் இறங்க முடியாது என்பதால் மேல்தளம் மூடப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? அரங்கத்துக்குள் இருக்கும் கடையின் சாவி நம் கையில் இருந்தாலும், அதை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது வேறொருவர் கையில் இருக்கலாம். அடைப்பு நாட்களுக்கு வாடகை உண்டா, இழப்பு யார் பொறுப்பு என்பதைக் கடை எடுக்கும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் நீதிமன்றப் படி ஏற வேண்டிய தேவை குறையும்.

ஆண்டில் எத்தனை நாள்?

ஆடிப்பெருக்குக்கும் காணும் பொங்கலுக்கும் முக்கொம்பில் கடை போடுகிறவர்களுக்கு ஒரு நாள் கூட்டத்தின் தன்மை தெரியும். அன்று கை ஓயாது. ஆனால் அந்த ஒரு நாளை நம்பி யாரும் ஆண்டு முழுவதும் அங்கே வாடகை கட்டுவதில்லை.

கால்பந்துக் கழகத்தின் கணக்கும் இதற்குத் தொலைவில் இல்லை. இந்தியன் சூப்பர் லீக்கில் 2024-25 பருவத்தில் 13 கழகங்கள் ஆடின. ஒவ்வொன்றும் சொந்த மைதானத்தில் ஆடியவை 12 லீக் ஆட்டங்கள். அதாவது 365 நாளில் 12 நாள். மீதி 353 நாள் அரங்கத்தில் என்ன நடக்கும் என்பதே வணிகர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இங்கேதான் வடிவமைப்பு வருகிறது. கால்பந்து ஆடுகளத்தின் அளவு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அதை ஒட்டியே இருக்கைகளை அமைத்தால் ஆட்டம் நன்றாகத் தெரியும். ஆனால் வேறு விளையாட்டுக்கு அந்த அரங்கம் பயன்படாது. சென்னை பெரியமேட்டில் 1993-ல் திறக்கப்பட்ட நேரு விளையாட்டரங்கத்தில் ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதை உண்டு. அதனால் 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி அங்கே நடக்க முடிந்தது. பின்னாளில் சென்னையின் எஃப்சி கழகத்துக்கும் அதுவே மைதானமானது. பார்வையாளர் ஆட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தாலும் அரங்கத்துக்குப் பயன்பாடு கூடுகிறது.

பல பயன் என்றாலும் அதில் ஓர் இடைஞ்சல் உண்டு. 2018-ல் இந்தியா - மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் கிரிக்கெட்டைக் கொச்சியில் நடத்த முயன்றபோது கால்பந்துப் புல்தரை கெடும் என்று எதிர்ப்பு கிளம்பியது. ஆட்டம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. கொச்சி வணிகருக்கு ஒரு பெரிய நாள் கைநழுவியது.

பணம் உள்ளேயா, வெளியேயா?

முன்பெல்லாம் ரசிகர் வெளியே சாப்பிட்டுவிட்டு உள்ளே போவார்; ஆட்டம் முடிந்ததும் வெளியே வந்து தேநீர் குடிப்பார். புதிய அரங்கங்களின் வடிவமைப்பு இதை மாற்றுகிறது. லண்டனில் டாட்டன்ஹாம் கழகம் 2019 ஏப்ரலில் திறந்த அரங்கத்தில் 62,850 இருக்கைகள். உள்ளேயே பேக்கரி, 65 மீட்டர் நீளத்துக்கு ஒரு மதுபானக் கவுண்டர். திறந்தபோதே ரொக்கம் வாங்காத அரங்கமாகத் திறந்தார்கள். ரசிகர் முன்கூட்டியே உள்ளே வர வேண்டும், பின்தங்கிப் போக வேண்டும், செலவை உள்ளேயே செய்ய வேண்டும் என்பது திட்டம். கூட்டம் இரட்டிப்பானாலும் தெருக்கடைக்கு வரும் பணம் இரட்டிப்பாகும் என்று சொல்ல முடியாது.

அரங்கம் இடம் மாறினால் இன்னொரு கவலை. லிவர்பூல் நகரில் எவர்ட்டன் கழகம் 1892 முதல் குடிசன் பார்க் மைதானத்தில் ஆடியது. வீடுகளும் கடைகளும் நெருங்கிய பகுதி அது. 2025 மே மாதத்தோடு ஆண்கள் அணியின் ஆட்டம் அங்கே முடிந்தது. ஆகஸ்டில் ஆற்றங்கரைத் துறைமுகப் பகுதியில் 52,000-க்கு மேற்பட்ட இருக்கைகளுடன் புதிய அரங்கம் திறந்தது. தலைமுறை தலைமுறையாக ஆட்ட நாள் வியாபாரத்தை நம்பியிருந்த பழைய தெருவின் கடைகள் என்ன செய்யும்? பழைய மைதானத்தை இடிக்காமல் பெண்கள் அணிக்குக் கொடுத்தது அவர்களுக்கு ஓரளவு ஆறுதல்.

இது நமக்குப் புதிய கதை அல்ல. 2025-ல் பஞ்சப்பூர் பேருந்து முனையம் திறந்து வெளியூர்ப் பேருந்துகள் அங்கே போனபோது, மத்தியப் பேருந்து நிலையத்தைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். 2017-ல் கள்ளிக்குடியில் திறந்த காய்கறிச் சந்தைக்குக் காந்தி மார்க்கெட் வணிகர்கள் போக மறுத்ததும் நினைவிருக்கும். வணிகரைக் கேட்காமல் போட்ட வரைபடம், கட்டடமாக நிற்குமே தவிர, சந்தையாக நடக்காது.

எப்போது பேச வேண்டும்?

கட்டி முடித்த பிறகு அல்ல. வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே பேச வேண்டும். அரசு தனியாரிடம் நிலம் எடுத்தால், 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி சமூகத் தாக்க மதிப்பீடும் பொது விசாரணையும் உண்டு. நிலம் சொந்தமில்லாவிட்டாலும், அந்தப் பகுதியில் மூன்று ஆண்டுகளாகத் தொழில் செய்து அதையே பிழைப்பாகக் கொண்ட குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற கணக்கில் வர வாய்ப்பு உண்டு. தரைக்கடைக்காரர்களுக்கு 2014-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நகர விற்பனைக் குழு இருக்கிறது. வணிகர் சங்கப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் உண்டு. வாடகை ரசீது, உரிமம், வரி கட்டிய சான்று ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருப்பவரின் பேச்சுக்குத்தான் அங்கே எடை இருக்கும்.

எந்த அரங்கத் திட்டம் வந்தாலும் நம் சங்கம் கேட்க வேண்டியவை இவை:

1. பார்வையாளர் வாசல்கள் எந்தத் தெருவை நோக்கித் திறக்கும்? வாசல் திரும்பினால் வியாபாரமும் திரும்பும்.

2. வாகன நிறுத்துமிடம் எங்கே? வண்டியை அரங்கத்துக்கு அடியிலேயே நிறுத்துபவர் கடைத்தெருவில் கால் வைக்க மாட்டார்.

3. ஆட்ட நாளில் எத்தனை மணி நேரம் சாலை அடைப்பு? மொத்தக் கடைக்குச் சரக்கு லாரி வரும் நேரம் அதில் விடுபடுகிறதா?

4. உள்ளே உணவு விற்கும் உரிமை ஒரே நிறுவனத்துக்கா, உள்ளூர் வணிகருக்கும் பங்கு உண்டா?

5. ஆண்டில் எத்தனை நாள் பயன்பாடு உறுதி? கடைக்கு அடைப்பு நாள் வாடகை எவ்வளவு?

6. மழைநீர் வடிகால் எங்கே போகிறது? பெரிய கூரையில் விழும் மழை பக்கத்துத் தெருவின் கிடங்குக்குள் வரக்கூடாது.

இந்த ஆறுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு முன்பணத்தைப் பற்றி யோசிக்கலாம். தனியாகப் போய்க் கேட்டால் பதில் கிடைப்பது அரிது. சங்கமாகப் போனால் வரைபடத்தையே விரித்துக் காட்டுவார்கள். ஊருக்கு விளையாட்டு வளரட்டும், இளைஞர்கள் ஓடி ஆடட்டும். அவர்களுக்குத் தேநீரும் பன்னும் விற்கும் நம் சிறு கடைக்காரருக்கும் அந்த வரைபடத்தில் ஓர் இடம் இருக்க வேண்டும்.