பழ ஈக்கு ஆயுள் கூடியது, அப்புறம் என்ன ஆச்சு?

வாழைப்பழம் கனிந்ததும் மேலே சுற்றுமே குட்டி ஈ, இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போறோம். முட்டை போட்டு சுமார் 10 நாளில் முழு ஈ வந்துடும். இரண்டு, மூணு மாசத்துல ஆயுளும் முடிஞ்சுடும். முதுமையை ஆராய இதைவிட வசதி வேற என்ன வேணும்?

1956-ல் டென்ஹாம் ஹார்மன் ஒரு கருத்தைச் சொன்னார். செல், ஆக்சிஜனை வைத்து சக்தி தயாரிக்கும்போது கூடவே கொஞ்சம் முரட்டு மூலக்கூறுகளும் உருவாகும். ஃப்ரீ ராடிக்கல்னு கேள்விப்பட்டிருப்பீங்க. புரதம், கொழுப்பு, டிஎன்ஏ எதையும் விடாது. டிஎன்ஏவில் 'ஜி' என்ற எழுத்து அடிபட்டால், நகல் எடுக்கும்போது அது 'சி'க்குப் பதிலாக 'ஏ'வோடு ஜோடி சேரலாம். எழுத்துப்பிழை! செல் பெரும்பாலும் திருத்திடும், சிலது தங்கிடும். இந்தச் சேதம் சேரச் சேர வயசாகுது என்பதுதான் ஹார்மனின் வாதம்.

செல்லுக்குள்ளேயே காவலும் இருக்கு. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற என்சைம், சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அதுவும் ஆபத்துதான். கேட்டலேஸ் வந்து அதைத் தண்ணீரும் ஆக்சிஜனுமாக உடைக்கும். இந்தக் காவல் என்சைம் இல்லாமல் பிறக்கும் ஈக்கள் சீக்கிரமே செத்துப்போகும்.

சரி, காவலைக் கூட்டினா? 1994-ல் ஓர், சோஹல் என்ற இருவர் பழ ஈக்களுக்கு இந்த இரண்டு என்சைம்களின் மரபணுக்களையும் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆயுள் மூன்றில் ஒரு பங்கு வரை கூடியது. புரதச் சேதமும் குறைந்தது. ஹார்மன் ஜெயிச்சுட்டார்னு தோணும், இல்லையா?

2003-ல் அதே ஆய்வாளர்கள், இயல்பிலேயே நீண்ட நாள் வாழும் ஈக்களில் இதைச் செய்து பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை. முன்பு பலன் கிடைத்தது குறைந்த ஆயுள் கொண்ட ரகங்களில்தான். ஓட்டைக் குடைக்கு ஒட்டுப் போட்டா நனையாம போகலாம். நல்ல குடைக்கு மேல இன்னொரு குடை பிடிச்சு என்ன பிரயோஜனம்? தங்கள் பழைய முடிவைத் தாங்களே திருத்தினாங்க பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது.

மாத்திரை விஷயம் வேற. விழுங்குறது என்சைம் இல்லை, வைட்டமின் மாதிரியான பொருள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் ஒரு சோதனை நடந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. அந்த முடிவு வெளியானதும் அதே 1994-லதான்.