சம்பளச் சீட்டை வாசிப்போமா?



“என் மகனுக்கு ஆண்டுக்கு ஆறு இலட்சம் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது” என்று சொல்லும் பெற்றோரின் முகத்தில்தான் எத்தனை மகிழ்ச்சி! ஆறு இலட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 50,000 ரூபாய். ஆனால், முதல் மாதம் வங்கிக்கு வருவதோ 45,000 ரூபாய் சொச்சம். மீதி எங்கே போனது? மகன் மறைக்கிறானா, நிறுவனம் ஏமாற்றுகிறதா? இந்தக் கேள்வியால் பல குடும்பங்களில் மனத்தாங்கல் வருகிறது. பெரும்பாலும் இரண்டுமே இல்லை. சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரியாததுதான் காரணம்.

வருமானம் எத்தனை வகை?

நமது நாட்டின் வருமான வரிச் சட்டம் ஒருவரின் வருமானத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. சம்பளம் முதலாவது. ஓய்வூதியமும் இதில்தான் சேரும். வீட்டு வாடகை இரண்டாவது. தொழில் அல்லது வியாபாரத்தில் வரும் இலாபம் மூன்றாவது. நிலம், நகை, பங்குகள் போன்றவற்றை விற்பதால் கிடைக்கும் ஆதாயம் நான்காவது. வங்கி வட்டி போன்ற பிற வருமானங்கள் ஐந்தாவது. விவசாய வருமானத்திற்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. இவற்றுள் சம்பளத்தைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அது நம் கைக்கு வருமுன்பே அதில் பிடித்தம் நடந்துவிடுகிறது. ஆகவேதான் அதைக் கவனித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்று தொகைகள்

வேலை நியமனக் கடிதத்தில் காணப்படும் பெரிய தொகைக்கு ‘சி.டி.சி.’ என்று பெயர். நமக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை அது. அதில் நம் கைக்கு இப்போது வராத பணமும் அடங்கும். அதைக் கழித்தபின் வருவது மொத்தச் சம்பளம். அதிலிருந்து பிடித்தங்கள் போக எஞ்சுவதே வீட்டுக்கு வரும் சம்பளம்.

மேலே சொன்ன 50,000 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். அதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 26,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி 13,000, பயணப்படி 7,950 என்று வைத்துக்கொண்டால், மொத்தச் சம்பளம் 46,950 ரூபாய். மீதி 3,050 ரூபாயில், வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு 1,800. பணிக்கொடைக்காக ஒதுக்குவது 1,250. இனி, வைப்பு நிதிக்குத் தொழிலாளியின் பங்காக இன்னும் 1,800 ரூபாய் பிடிக்கப்படும். ஆக, கைக்கு வருவது 45,150 ரூபாய். தொழில் வரி பிடிக்கும் மாதத்தில் இது இன்னும் சற்றுக் குறையும்.

அடிப்படைச் சம்பளம் ஏன் முக்கியம்?

மொத்தம் ஒன்றாக இருந்தால் போதாதா, எந்தப் பெயரில் தந்தால் என்ன என்று நாம் நினைக்கலாம். ஆனால் வைப்பு நிதியும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் வைத்தே கணக்கிடப்படுகின்றன. அவற்றைக் குறைத்துப் படிகளைக் கூட்டினால், இன்று கையில் கூடுதலாக வரும். முதுமையில் கிடைப்பது குறைந்துவிடும். எல்லா ஊழியருக்கும் பொதுவாகத் தரப்படும் படிகளையும் வைப்பு நிதிக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும், விலக்கப்படும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியை ஊதியமாகவே கொள்ள வேண்டும் என்கின்றன.

பிடித்தங்கள் எங்கே போகின்றன?

வருங்கால வைப்பு நிதிக்குத் தொழிலாளி 12 விழுக்காடு தருகிறார். நிறுவனமும் அதே அளவு தருகிறது. 2014 செப்டம்பரில் நிர்ணயித்த 15,000 ரூபாய் உச்சவரம்பின்படி கணக்கிட்டால் அது 1,800 ரூபாய். நிறுவனம் தரும் 1,800-இல் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்கிறது. பத்து ஆண்டுப் பணி நிறைந்தவருக்கு 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் பணத்தை முழுவதும் எடுத்துச் செலவிடுகிறவர்கள் இந்தப் பத்தாண்டுக் கணக்கையும் இழக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். பழைய கணக்கைப் புதிய நிறுவனத்திற்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

பணியில் இருக்கும்போதே உறுப்பினர் இறந்தால், வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டில் 7 இலட்சம் ரூபாய் வரை குடும்பத்திற்குக் கிடைக்கும். இதற்காகத் தொழிலாளியிடம் ஒரு காசும் பிடிப்பதில்லை. ஆனால் வாரிசுதாரர் பெயர் பதிவு செய்யப்படாததால், துயரத்தின் நடுவில் சான்றிதழ்களுக்காக அலைய நேரிடும் குடும்பங்கள் உண்டு.

குறைந்த ஊதியம் பெறுவோருக்கு இ.எஸ்.ஐ. பெரும் ஆதரவு. 2017 ஜனவரியில் இதற்கான ஊதிய வரம்பு 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது நூறு ரூபாய்க்கு 75 காசு. நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு. இதற்கு ஈடாகக் குடும்பத்திற்கு மருத்துவ வசதி கிடைக்கிறது. நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு ஊதியமும், பேறுகாலத்தில் 26 வாரம் முழு ஊதியமும் உண்டு. மாதந்தோறும் இதற்குப் பணம் கட்டிவிட்டு, அட்டையை வாங்காமல், மருத்துவச் செலவுக்கு வட்டிக்குக் கடன் வாங்குவோர் எத்தனை பேர்!

தொழில் வரி உள்ளாட்சிக்குச் செல்கிறது. தமிழகத்தில் அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்துகிறோம். அரசியலமைப்பின்படி இது ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. வருமான வரியைப் பொறுத்தவரை, 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் ஆண்டுச் சம்பளம் 12,75,000 ரூபாய் வரை பெறுவோருக்கு, வேறு வருமானம் இல்லையெனில், வரி இல்லை.

நமது உரிமையும் கடமையும்

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும். சம்பளச் சீட்டு தருவது நிறுவனத்தின் கடமை. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

சம்பளத்தில் பிடித்த வைப்பு நிதிப் பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வதைச் சட்டம் நம்பிக்கை மோசடியாகவே பார்க்கிறது. சீட்டில் பிடித்தம் காட்டப்பட்டதாலேயே பணம் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. யு.ஏ.என். எண்ணைக் கொண்டு வைப்பு நிதி இணையதளத்திலோ உமங் செயலியிலோ கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். பணம் ஏறவில்லை எனில், முதலில் நிறுவனத்திடம் கேட்போம். பதில் இல்லையெனில் வைப்பு நிதி அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

நம்மில் சிலர் கடையோ பட்டறையோ நடத்திப் பிறருக்கு வேலை தருகிறவர்கள். திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ திருமடல், தொழிலாளி சம்மதித்துவிட்டார் என்பதாலேயே ஒரு கூலி நீதியானதாகிவிடாது, அது அவர் வாழப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று கற்பித்தது. நாம் தரும் சம்பளச் சீட்டு இந்த அளவுகோலுக்கு நிற்குமா?

இந்த மாதச் சீட்டு வந்ததும் குடும்பமாக அமர்ந்து ஒருமுறை வாசியுங்கள். எதற்காக எவ்வளவு பிடிக்கப்படுகிறது, அது கணக்கில் சேர்ந்திருக்கிறதா, வாரிசுதாரர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் வாசித்துச் சொல்லுங்கள். உழைத்து ஈட்டிய ஒவ்வொரு ரூபாயும் சேர வேண்டிய இடத்தில் சேரட்டும்.