சும்மா இருக்கும் கணினி ஏன் சூடாகிறது?

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், கரிவலம்வந்தநல்லூர் போன்ற ஊர்களில் பல வீடுகளுக்கு முதல் கணினியைக் கொடுத்தது. நினைவகம் குறைந்த அந்தக் கணினிகளில், எதையும் திறக்காதபோதே விசிறி இரைந்தால் வைரஸ் என்றே பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது பின்னணியில் ஓடும் சேவைதான்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் தின்பது மேலே வரும். அங்கே ‘சர்வீஸ் ஹோஸ்ட்’ என்றிருந்தால் அதை விரித்துப் பார்க்க வேண்டும்; ஒரே கூரையின் கீழ் பல சேவைகள் குடியிருக்கும். 2017 முதல் விண்டோஸ் 10 இவற்றைத் தனித்தனியாகப் பிரித்தது. ஆனால் 3.5 ஜிபிக்கு மேல் நினைவகம் உள்ள கணினிகளில் மட்டுமே! எளியவர் கணினியில்தான் குற்றவாளியைத் தேடுவது கடினம்.

2013 இறுதியில் உலகெங்கும் விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் பின்னணிச் சேவையால் இப்படித் திணறின. காலாவதியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் புதுப்பிப்புகளின் நீண்ட சங்கிலியை அப்டேட் சேவை ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததே காரணம். பழையவற்றை மைக்ரோசாஃப்ட் நீக்கிய பிறகே, 2014 ஜனவரியில், அது அடங்கியது.

கோப்புகளைப் பட்டியலிடும் தேடல் சேவை என்றால் சில மணி நேரம் பொறுக்கலாம். வேலை முடிந்ததும் தானே தணியும். அப்டேட் சேவையென்றால் மறுதொடக்கம் செய்து பார்க்கலாம், நிரந்தரமாக நிறுத்தவே கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது அந்த வழியாகத்தான்.