தம்பி கேட்ட வெளிச்ச வாள்

இரணைமடுச் சந்தியிலிருந்து குளத்தடிக்குப் போகும் வீதியில் உள்ள பொதுநோக்கு மண்டபம் ஒன்றில்தான் எமது மாதாந்தக் கூட்டம் நடைபெறும். சென்ற வருடம் ஒரு நாள், கூட்டம் முடிந்து வரவுப் புத்தகத்தில் எல்லோரும் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு தாய் தன் மகனின் கையைப் பிடித்து இழுத்தபடி வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"மிஸ், இவனுக்கு நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. நான் அடிச்சும் பாத்திட்டன்."

தம்பிக்குப் பதினொரு வயது. முதல் நாள் பாடசாலை விட்டு வந்தவன், உரியவர்கள் திரும்பி வராத ஒரு வளவுக்குள் புகுந்து, பற்றைக்குள் தடியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறான். தேடியது ஓர் இரும்புக் குழாய். மாடு தேடிப் போன அயலவர் ஒருவர் கண்டு, காதில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எதற்குக் குழாய் என்று நான் கேட்டேன். அவன் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் புத்தகப் பைக்குள் கையை விட்டு ஒரு கொப்பியை எடுத்து, கடைசித் தாளைக் காட்டினான்.

நீலப் பேனையால் ஒரு வாள் கீறியிருந்தான். அதன் அலகு இரும்பு அல்ல, வெளிச்சம். பிடி மட்டும்தான் இரும்பு. உருண்டை வடிவக் குழாய், ஒரு பக்கம் அகன்ற வாய், நடுவில் வரிவரியாகப் பள்ளங்கள், அடியில் ஒரு வளையம்.

வகுப்புப் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்களாம். இன்னும் நூறு வருடங்களுக்குப் பின்வரும் இரணைமடுவில் குளத்தைக் காவல் காக்கும் வீரனின் கையில் இந்த வாள் இருக்கும். அந்தப் பாத்திரம் தம்பிக்குக் கிடைத்திருக்கிறது. மாமா முறையான ஒருவரின் கைத்தொலைபேசியில் பார்த்த ஆங்கிலப் படத்திலிருந்து வந்த யோசனை.

படத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. மிதிவெடி விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் நாம் பிள்ளைகளுக்குக் காட்டுகிற பொருட்கள் எல்லாம் ஏறக்குறைய இந்த வடிவத்தில்தானே இருக்கின்றன! உருண்ட உலோகம், வரிப்பள்ளம், வால், வளையம். வன்னி மண்ணைக் கிளறி அப்படி ஒன்றைத் தேடுகிற பிள்ளை எதைக் கண்டெடுப்பான் என்று இந்த இதழை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தாய்க்கு இதைவிட இன்னொரு மனக்குறையும் இருந்தது. "வாள் எண்டால் என்ன, துவக்கு எண்டால் என்ன மிஸ். என்ர வீட்டில ஆயுதம் எண்டு ஒண்டும் வேண்டாம்." அவர் 2009இல் தன் கூடப்பிறந்தவனை இழந்தவர். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் இதற்கு நான் உடனே ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். ஆனால் 2010இல் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்து என் வாயை அடைத்துவிட்டது. மீள்குடியேற்றம் தொடங்கியிருந்த காலம். பல்கலைக்கழக மாணவியாக நான் தொண்டு வேலைக்கு வந்திருந்தேன். பிள்ளைகளுக்கென்று எங்கிருந்தோ வந்த விளையாட்டுப் பொருட்பெட்டிகளைத் திறந்தால், பொம்மைகளுக்கும் பந்துகளுக்கும் நடுவில் பிளாஸ்ரிக் துவக்குகள். எங்களுக்குக் கோபம் வந்தது. எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து ஒளித்துவிட்டு மிச்சத்தைத் தறப்பாள் கொட்டிலுக்குள் வைத்துப் பகிர்ந்தளித்தோம். மத்தியானம் வெளியில் வந்து பார்த்தால், பிள்ளைகள் பனை மட்டையையும் பூவரசந் தடியையும் தோளில் வைத்துக்கொண்டு பதுங்கிப் பதுங்கிச் சுட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை கண்டதைத்தான் விளையாடும். கையிலுள்ள பொருளைப் பறித்துவிட்டால் மனதிலுள்ளது போய்விடும் என்று நினைத்தது எங்கள் அறியாமை.

ஆகவே தாயிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "அக்கா, வாள் வேணுமோ வேண்டாமோ எண்டதைப் பிறகு முடிவெடுப்பம். ஆனா இவன் குழாய் தேடிப் பற்றைக்குள்ள போகாமல் இருக்கிறதுக்கு இப்பவே ஒரு வழி பாக்கவேணும்."

அன்றிரவு அந்த ஆங்கிலப் படத்தின் வாளைப் பற்றித் தேடி வாசித்தேன். படத்தின் பெயர் ஸ்டார் வோர்ஸ். ஜோர்ஜ் லூகாஸ் இயக்கி 1977இல் வெளிவந்தது. கோடி கோடியாக உழைத்த படம் என்பதால் வாளையும் பெரிய தொழிற்சாலையில் செய்திருப்பார்கள் என்று நினைத்தால், இல்லை. காட்சிப் பொருட்களுக்குப் பொறுப்பாக இருந்த ரொஜர் கிறிஸ்டியன் என்பவருக்குக் கொடுக்கப்பட்ட பணம் மிகவும் குறைவு. அவர் இலண்டனில் பழைய புகைப்படச் சாமான் விற்கும் கடையொன்றில், பெட்டிக்குள் கிடந்த சில உலோகக் குழாய்களைக் கண்டெடுத்தார். கிராஃப்ளெக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனியின் பழைய கமராக்களுக்கு மின்னொளி கொடுக்கும் பாகம் அது. உள்ளே மூன்று பெரிய பற்றரி போடலாம். அதைச் சுற்றி றப்பர் கீலங்களைப் பசையால் ஒட்டினார். கணிப்பான் ஒன்றில் இலக்கங்களைப் பெருப்பித்துக் காட்டும் பிளாஸ்ரிக் துண்டை எடுத்துப் பதித்தார். இடுப்பில் கொழுவ அடியில் ஒரு வளையம். அவ்வளவுதான் உலகப் பிரசித்தி பெற்ற அந்த வாளின் பிடி.

அலகுக்கு ஒரு தடியில், வீதிக் குறிப்பலகைகளில் வெளிச்சம் பட்டால் பளீரென்று தெறிக்குமே, அந்த வகைத் தாளைச் சுற்றிச் சிறு மோட்டாரால் சுழல விட்டார்கள். அதன்மேல் ஒளியைப் பிறகு படச்சுருளில் ஒவ்வொரு படமாக வரைந்து சேர்த்தார்கள். வாள் வீசும்போது கேட்கும் 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் பழைய படம் காட்டும் இயந்திரத்தின் மோட்டார் சத்தத்தையும் தொலைக்காட்சிப் பெட்டியின் இரைச்சலையும் கலந்து பென் பேர்ட் என்பவர் ஆக்கியது. அந்தப் படத்தின் கலை அமைப்புக்காக ரொஜர் கிறிஸ்டியனுக்கும் அவரது சகாக்களுக்கும் 1978இல் ஒஸ்கார் விருது கிடைத்தது.

மறுநாள் தம்பியின் கொப்பியைக் கொண்டுபோய் சந்திக்குக் கிட்டச் சைக்கிள் திருத்தும் அக்காவிடம் காட்டினேன். கணவருடைய கடையை அவருக்குப் பின் தனியே நடத்தி வருபவர். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படத்தைப் பார்த்தார்.

"உது ரோச்செல்லே தங்கச்சி!"

நான் வாசித்த கதை எதுவும் அவருக்குத் தெரியாது. சிரித்துவிட்டேன். அவருக்கோ அன்று வேலையே ஓடவில்லை, பழைய கதை தொடங்கிவிட்டது. 1990இலிருந்து பொருளாதாரத் தடை. பற்றரியும் தடை செய்யப்பட்ட பொருள். செத்துப்போன பற்றரியை வெயிலில் காய வைத்தும், ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் விட்டும் இன்னும் இரண்டு நாள் இழுத்த காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலியில் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, துளி மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியில் விளக்கு எரித்து அதன் வெளிச்சத்தில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். "டைனமோ வயர் பிடிக்க ஐயா எனக்குப் பழக்கினவர். பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உது எண்டு அம்மா பேசினவ," என்றார் அக்கா.

இந்தக் கைவேலையை நாங்கள் 'கஷ்டகாலம்' என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறோம். சுயதொழில் பயிற்சி என்றால் தையலும் மிக்சர் பொரிப்பதும்தான் என்று திட்டம் எழுதுகிறோம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கடையில் வேலை தொடங்கியது. தாயும் வந்தார், ஆனால் வாங்கின் தொங்கலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். பிடிக்கு, வீட்டுத்திட்ட வீடொன்றில் மாற்றிக் கழற்றிப் போட்டிருந்த கைகழுவும் பேசினின் கழிவுக் குழாய் கிடைத்தது. ஒன்றேகால் அங்குல விட்டம், குரோமியம் பூசியது. சாம்பலும் தேசிக்காய்க் கோதும் போட்டுத் தேய்க்கப் பளபளத்தது. பத்து அங்குலத்துக்கு அறுத்து, வெட்டிய விளிம்பை அரத்தால் ராவி, மண்கடதாசியால் மழுப்பினோம். இந்த விளிம்பை மழுப்பாமல் விட்டால் பிள்ளையின் கை கிழியும்.

அலகுக்கு, எரிந்துபோன எல்ஈடி ரியூப் லைற் ஒன்றின் வெள்ளைப் பிளாஸ்ரிக் உறை. அது ஏறக்குறைய ஓர் அங்குல விட்டம், பிடிக்குள் அளவாகப் போகும். உள்ளே இருந்த பட்டியை உருவி எடுத்துவிட்டு இரண்டடிக்கு வெட்டினோம். இங்கே ஒரு கவனம் தேவை. பழைய வகை ரியூப் லைற் கண்ணாடியால் ஆனது, உள்ளே பாதரசம் இருக்கிறது. உடைந்தால் ஆவி மூச்சுக்குள் போகும். அதைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கவே கூடாது. எல்ஈடியிலும் கண்ணாடியில் வருவன உண்டு. தட்டிப் பார்த்து, பிளாஸ்ரிக் என்று உறுதி செய்த பின்புதான் அக்கா வாளை வைத்தார்.

வெளிச்சத்துக்கு, கண்ணாடி நொருங்கிய ஒரு கைவிளக்கு. மூன்று சின்னப் பற்றரி போடுகிற அலுமினிய வகை. சுவிச் அடிப்பக்கத்தில் இருந்ததால், அதை அப்படியே குழாய்க்குள் இறக்கினால் பிடியின் அடியில் பெருவிரலால் அழுத்தலாம். இடைவெளியை நிரப்பச் சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டிச் சுற்றினோம். ஒரு சிறிய திருகாணி இரண்டையும் பிடித்தது.

கதவைச் சாத்திவிட்டுத் தம்பி சுவிச்சை அழுத்தினான். அடியில் நாலு விரற்கடை அளவுக்கு வெளிச்சம், அதற்குமேல் இருட்டு! தம்பியின் முகமும் இருண்டது. ஒளி நேராக ஓடி மேல் வாயால் வெளியே போய்விடுகிறது, பக்கத்துக்குத் திரும்பவில்லை. அக்கா கொஞ்சம் யோசித்தார். பூச்செண்டு சுற்றும் கண்ணாடித்தாள் ஒன்றை எடுத்துக் கசக்கி, சுருட்டி, அலகுக்குள் முழு நீளத்துக்கும் விட்டார். மேல் வாயை அடைக்கப் பால்மா பைக்கற்றின் உட்புற வெள்ளியை வட்டமாக வெட்டி, பளபளப்பான பக்கம் கீழ்நோக்க ஒட்டினார். அதன்மேல் ஒரு மொட்டையான றப்பர் மூடி. இப்போது ஒளி கசங்கிய தாளில் பட்டுப் பட்டுச் சிதறியது, நுனிக்குப் போனது திரும்பி வந்தது. கைவிளக்கின் முகப்பில் ஒரு நீல ரொபித் தாளை வைத்ததும் அடியிலிருந்து நுனி வரை நீலமாக எரிந்தது. பகல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கதவு சாத்தியிருந்த அந்த இருட்டுக்குள்தான் தாய் எழுந்து வந்தார். வாளைக் கையில் வாங்கினார். "பிடி வழுக்குது," என்றார். அவர் குளத்து மீனவர்களுக்கு வலை பொத்திக் கொடுத்து உழைப்பவர். ரியூப் கீலங்களைப் பிடியில் நெடுக்காக வைத்து, மேலும் கீழும் தங்கூசியால் வலை முடிச்சுப் போட்டு இறுக்கினார். பசை வைத்திருந்தால்கூட அப்படிப் பிடித்திராது. கிழிந்த பள்ளிக்கூடப் பையின் வளையத்தை அடியில் கட்டினவரும் அவர்தான். கட்டி முடித்துவிட்டு மகனைப் பார்த்துச் சொன்னார்: "ஆருக்காவது ஒரு அடி விழுந்தாலும் அடுப்புக்குள்ள வைப்பன்."

புதிதாகக் காசு கொடுத்து வாங்கியது மூன்று பற்றரியும் ஒரு சிறு பசையும் மட்டுமே.

முன்பெல்லாம் எமது பாடசாலைகளில் முல்லைமணியின் 'பண்டாரவன்னியன்' போன்ற நாடகங்களுக்குக் கடதாசி மட்டையில் வாள் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டுவார்கள். கூத்துக்காரர் பலகையில் செதுக்குவார்கள். பொருள் தேடிப் பிள்ளை வளவுகளுக்குள் இறங்கும் பயம் அன்று இருக்கவில்லை. இன்று இருக்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் பழைய இரும்பைக் கிண்டி விற்றுச் சோறு தின்ற குடும்பங்கள் எம்மிடையே உண்டு, அதனால் அவயவத்தையும் உயிரையும் இழந்தவர்களும் உண்டு. இராணுவத்தின் மனிதநேயக் கண்ணிவெடி அகற்றும் பிரிவும், ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ் போன்ற நிறுவனங்களும் வன்னியில் வருடக்கணக்காகத் துப்புரவு செய்து வந்துள்ளன. முழங்காலில் நின்று அந்த மண்ணைச் சுரண்டியவர்களில் பலர் எமது பெண்களே. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. துப்புரவுக்கான காலக்கெடு 2028. ஆனாலும் கையளிக்கப்பட்ட காணியிலேயே கிணறு வெட்டும்போதும் குப்பை எரிக்கும்போதும் வெடிபொருள் அகப்படுகிறது. ஆகவே பிள்ளை ஏதாவது செய்யக் குழாய், கம்பி, தகரம் கேட்டால், "இல்லை, போ" என்று கலைக்காதீர்கள். சைக்கிள் கடை, குழாய் வேலை செய்பவர், கைத்தொலைபேசி திருத்துமிடம், எங்கள் வீட்டுக் கோடி, இவற்றில் எங்கிருந்து எடுக்கலாம் என்று நீங்களே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மண்ணுக்குள்ளும் பற்றைக்குள்ளும் கிடக்கும் எந்த உலோகத்தையும் தொடாமல், தட்டாமல், இடத்துக்கு ஓர் அடையாளம் வைத்துவிட்டுக் கிராம அலுவலருக்கோ, 119 இல் பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும்.

நாடகம் நடந்தது. மண்டப யன்னல்களுக்குச் சீலை கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். குளத்துக் காவல்காரன் வாளை ஏற்றியதும் பிள்ளைகள் கூவிய கூவலில் அவன் சொன்ன வசனம் ஒன்றும் விளங்கவில்லை. தாய் பின்வரிசையில் நின்று பார்த்தார். அவருக்கு அது பிடித்ததா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். வாள் கூரை மரத்தில் வளையத்தால் கொழுவியிருந்தது. மின்சாரம் நின்ற இரவுகளில் அம்மம்மாவை மலசலகூடத்துக்குக் கூட்டிப் போவது அதன் வெளிச்சத்தில்தானாம். கழற்றி ஒருக்கால் காட்டு என்றேன். தம்பி எடுத்து அழுத்தினான். எரியவில்லை.

"அம்மா பற்றரியைக் கழட்டி ரிமோட்டுக்குள்ள போட்டிட்டா மிஸ்," என்றான்.